காலடியில் ஒரு பறவையூர்

கண்ணில் பட்டால்தான் அதிசயம் என்று நினைத்துப் பழகிவிட்டோம் நாம். வெளிநாட்டு விடுமுறை என்றால் போதும், எதைப் பார்க்கலாம், எதைப் படம் எடுக்கலாம் என்பதே பேச்சு. படைத்தவனோ தன் கைவேலையில் மிக நுட்பமானதைப் பல இடங்களில் மூடியே வைத்திருக்கிறான். அப்படி ஓர் இடம், வேல்ஸ் நாட்டின் பெம்ப்ரோக்‌ஷயர் கடற்கரையை அடுத்துள்ள ஸ்கோமர் தீவு.

மார்ட்டின்ஸ் ஹேவன் என்ற சிறு துறையில் படகேறினால் சற்று நேரத்தில் தீவு வந்துவிடும். மொத்தப் பரப்பே ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர்தான். மே மாதத்தில் புளூபெல் மலர்கள் மேட்டுநிலத்தை நீலத்தில் முக்கி எடுத்திருக்கும். பாறை விளிம்புகளில் இளஞ்சிவப்புப் பூக்கள் உப்புக்காற்றுக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கும். வண்ண அலகு கொண்ட பஃபின் பறவைகள் நம்மைச் சட்டை செய்யாமல் பாதையின் குறுக்கே நடந்துபோகும். அந்த அலகுக்குள்ளேதான் எத்தனை ஏற்பாடு! நாக்கும் மேலண்ணத்து முட்களும் சேர்ந்து பிடித்த மீனை இறுக்கிக்கொள்ள, அடுத்த மீனுக்காக அலகு தாராளமாகத் திறக்கிறது. குஞ்சுக்காக ஒரே நடையில் பல மீன்களை வரிசையாகக் கவ்வி வருவது இதனால்தான்.

ஆயினும் இத்தீவின் பேரதிசயம் பகலில் நம் கண்ணுக்கு அகப்படுவதில்லை. புல்வெளி வெறிச்சென்று கிடக்கிறது. ஆங்காங்கே முழங்கை நுழையும் அளவுக்குத் துளைகள். அவற்றின் வாயில் புதிதாகக் கீறித் தள்ளிய ஈரமண். சற்றுத் தள்ளி, சதையெல்லாம் போய், மார்பெலும்பில் ஒட்டிய இரண்டு சிறகுகள் மட்டும் புல்லில் கிடக்கின்றன. அந்தத் துளைகளுக்குள், நம் பாதத்துக்கு நேர் கீழே, மேங்க்ஸ் ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவைகள் அடைகாத்து அமர்ந்திருக்கின்றன. 2018-இல் எடுத்த கணக்கின்படி சுமார் 3,50,000 இணைகள். நாம் வெற்றுநிலம் என்று பார்ப்பது, அந்த இனத்துக்கு உலகிலேயே பெரிய ஊர்.

புறா அளவே உள்ள பறவை. எடை ஏறக்குறைய 400 கிராம். கடலில் நீந்தவும் மூழ்கவும் வாகாக அதன் கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்திருக்கின்றன. கடலில் வரமான அதுவே கரையில் சாபமாகிறது. நடக்க முடியாமல் தவழ்கிறது, காத்திருக்கும் பெரிய கடற்காகங்களுக்கு இரையாகிறது. புல்லில் கிடந்த சிறகுகளின் கதை இதுதான். ஆகவே இரவு நன்றாக இருட்டிய பிறகே அது கரையேறுகிறது. நிலவு காயும் இரவுகளில் வரத் தயங்குகிறது. அந்தக் காரிருளில், ஆயிரமாயிரம் குரல்கள் ஒரே நேரத்தில் அலறும் இரைச்சலுக்கு நடுவே, தன் இணையின் குரலைப் பிரித்தறிந்து தன் வளைக்கே வந்து சேர்கிறது.

ஆண்டுக்கு ஒரே முட்டை. ஏறத்தாழ 50 நாள் இருவரும் முறைவைத்து அடைகாக்கிறார்கள். பொரித்த குஞ்சு பெற்றோரைவிட எடை கூடும்வரை ஊட்டி வளர்க்கப்படுகிறது. பிறகு ஒருநாள் ஊட்டுவது நின்றுபோகிறது. தாயும் தந்தையும் கடலோடு போய்விடுகிறார்கள். பசியோடு சில நாள் வளைக்குள் கிடந்து, இரவில் வெளியே வந்து சிறகடித்துப் பழகி, ஓரிரவில் அந்தக் குஞ்சு தனியே கிளம்புகிறது. அது போய்ச் சேருமிடம், அட்லாண்டிக்கின் மறுகோடியில், அர்ஜென்டினாவை ஒட்டிய கடல். வழிகாட்ட யாரும் உடன் வருவதில்லை. குடிக்க நன்னீர் தேட வேண்டியதுமில்லை. உடலில் சேரும் உப்பைப் பிரித்து மூக்கின் குழாய் வழியே வெளியேற்றும் சுரப்பி பிறவியிலேயே அதன் தலையில் இருக்கிறது.

அதன் திசையறிவு எத்தகையது? 1952-இல் பக்கத்துத் தீவான ஸ்கோக்ஹோமிலிருந்து ஒரு ஷியர்வாட்டரை விமானத்தில் அமெரிக்காவின் பாஸ்டனுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் கடலைக் கடந்து, பன்னிரண்டரை நாளில் அது தன் தீவுக்கே திரும்பிவிட்டது. பறவையை விடுவித்த செய்தி சொல்லும் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

ஸ்கோமருக்கு வருகிறவர்களுக்கு ஒரு கட்டளை உண்டு: பாதையை விட்டு இறங்கக் கூடாது. வளைகளின் கூரை அவ்வளவு மெல்லியது. ஒருவர் தவறி ஓரடி எடுத்து வைத்தால் ஒரு வீடு இடிந்துவிழும், ஆண்டு முழுமைக்குமான அந்த ஒற்றை முட்டை நசுங்கிப்போகும். மிதிக்கிறவருக்கு அது தெரியவும் தெரியாது.

நம் ஊர்ச் சதுப்பையும் மணல்மேட்டையும் புதர்க்காட்டையும் பார்த்து, 'சும்மாதானே கிடக்கிறது' என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! நம் கண்ணுக்கு எட்டவில்லை என்பதாலேயே அங்கே ஒன்றும் இல்லை என்று தீர்ப்பெழுத நமக்கு என்ன தகுதி? கடலைக் கடக்கும் ஓர் உயிரின் வாழ்வு, நம் பாதத்துக்கும் அதன் தலைக்கும் இடையிலுள்ள ஒரு பிடி மண்ணை நம்பியிருக்கிறது. படைப்பின் முன் பணிவு என்பது கைகூப்புவதோடு முடிவதில்லை. காலைப் பார்த்து வைப்பதும் அதில் அடக்கம்.