நாய் அறியாத பட்டம்

எழுமலைப் பக்கத்துச் சிற்றூர்களில் நாய் தோட்டத்தைக் காக்கும், ஆட்டுக்கிடையைக் காக்கும். அதற்குப் பட்டமும் பதக்கமும் எதற்கு என்று கேட்போர் உண்டு. பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் பிடிபடாத காளைக்குப் பரிசு அறிவிக்கும்போது, வளர்த்தவர் முகம் மலர்வதைக் கண்டிருக்கும் நாம் அவ்வாறு கேட்கலாகாது. காளை பரிசை அறியாது. அதை வளர்க்கப் பட்ட பாட்டை ஊர் அறிந்துகொள்கிறது, அவ்வளவே.

நாய்கள் பெறும் பட்டங்களுள் பலரும் அறிந்தது தோற்றத்திற்குரியது. நாயின் உடலமைப்பையும் நடையையும் அதன் இனத்திற்கு வகுத்த இலக்கணத்தோடு நடுவர் ஒப்பிடுவார். பிரிட்டனில் ‘சாம்பியன்’ ஆவதற்கு, வெவ்வேறு நடுவர் மூவரிடம் மூன்று சான்றிதழ்கள் பெறவேண்டும். நம் நாட்டிலும் இந்தியக் கென்னல் சங்கம் 1896 முதல் உள்ளது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் இனங்கள் நிலைக்க இத்தகைய பதிவும் பட்டமும் துணைசெய்கின்றன. 2005-இல் இராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலையே வெளிவந்தது. ஆயினும், வெண்ணிற நாய்களிடையே பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு; இராஜபாளையமும் இதற்கு விலக்கன்று. தோற்றத்தை மதிப்பிடும் நடுவரின் கண்ணுக்கு இக்குறை புலப்படாமலும் போகலாம்.

மற்றொரு வகை, கீழ்ப்படிதலுக்குரிய பட்டம். ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்னும் அமெரிக்கப் பெண்மணி பூடில் நாய்களை வளர்த்தவர். அவை வெறும் அலங்காரப் பிராணிகள் என்று பிறர் எள்ளியதைப் பொறாமல், 1933-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு போட்டியை நடத்தினார். வந்தவை எட்டே நாய்கள்! 1936-இல் அமெரிக்கக் கென்னல் சங்கம் அதனை ஏற்று விதிகள் வகுத்தது. அங்கே முதற் பட்டம் பெற 200 மதிப்பெண்ணுக்கு 170 வேண்டும், ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் வேண்டும், அதுவும் மும்முறை. உடையவரோடு ஒட்டி நடத்தல், அயலார் தொடும்போது அசையாது நிற்றல், அழைத்தவுடன் வருதல் ஆகியன அதில் அடங்கும். 2010 முதல் கலப்பின நாய்களும் அங்கே போட்டியிடலாம். எனக்கு இவ்வகைப் பட்டமே உயர்வாகத் தோன்றுகிறது.

காரணம் நம் சிப்பிப்பாறையிடமே உள்ளது. முயலைக் கண்ணால் கண்டு துரத்தவென்றே வளர்க்கப்பட்ட இனம் அது. முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம். தொழில் போயிற்று, கால்களின் வேகம் போகவில்லை. வேலையின்றிச் சங்கிலியில் கிடக்கும் அத்தகைய நாய்க்கு, நாள்தோறும் கால் மணி நேரப் பயிற்சியே ஒரு வாழ்வு. ஓடுவதைக் கண்டால் பாயும் நாய், அழைத்த குரலுக்குத் திரும்பி வருமானால், அதனைப் பயந்து செய்யாது, நம்பியே செய்யும். அடித்துப் பழக்கியவரிடம் அது வாலை ஒடுக்கிக்கொண்டு வருவதை நடுவர் மட்டுமல்லர், வேலியோரம் நிற்கும் சிறுவரும் கண்டுகொள்வர்.

போட்டியில் தேறாத நாயைப் பிறரிடம் தள்ளிவிட்டு வேறொன்றைத் தேடுவோரும் உளர். அவர்கள் பின்னர் எத்தனை கோப்பைகள் வென்றாலும் அவற்றை நான் பட்டமாகக் கொள்வதில்லை.

பயிற்சி தொடங்க விரும்புவோர்க்கு ஒன்று: மதுரைச் சீமையின் சித்திரை வெயிலில் தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். விடியற்காலையில் மண்தரையில் தொடங்குங்கள்; அருகே ஒரு சட்டியில் தண்ணீரும் இருக்கட்டும்.