கடற்கரை நகருக்கு ஏற்ற கணினி

ஆயத்தமாகப் பொருத்தி விற்கப்படும் கணினியை வாங்குவோருக்கு வேலை எளிது. விலை கேட்பதும் பணம் செலுத்துவதுமே அவர்தம் பொறுப்பு. உறுப்புகளைத் தனித்தனியே தெரிந்தெடுத்துத் தமக்கேற்ற கணினியை அமைத்துக்கொள்ள விழைவோருக்கோ, எதை முதலில் தெரிவது, எதற்கு எவ்வளவு செலவிடுவது என்னும் வினாக்கள் எழுகின்றன. திருகோணமலைத் துறைமுக நகரிலும் அதனை அடுத்த உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா முதலிய ஊர்களிலும் இவ்வினாக்களுக்கு உரிய விடை, குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்கும் வெளிநாட்டு வல்லுநர் கூறும் விடையாக இருத்தல் இயலாது. ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கின்றதன்றோ!

இக்கடலைப் படம்பிடிப்பது இப்பகுதிக்குப் புதிதன்று. 1956ஆம் ஆண்டிலேயே ஆர்தர் சி. கிளார்க்கும் அவர்தம் தோழர் மைக் வில்சனும் சுவாமி மலையின் அடியில் கடலுள் மூழ்கிப் பழங்கோயிலின் சிதைவுகளைக் கண்டு படமெடுத்தனர். இன்று திமிங்கிலம் பார்க்கச் செல்லும் படகிலும், புறாத் தீவின் பவளப் பாறைகளிடையும், திருக்கோணேச்சரத் திருவிழாவிலும், திருமண மண்டபத்திலும் காணொளி எடுப்போர் பலர். இவர்களுள் இளைஞர் பெரும்பாலோர் பகலில் தொகுப்பு வேலை செய்யும் கணினியிலேயே இரவில் விளையாடவும் விரும்புகின்றனர். இரண்டுக்கும் ஒரே பொறி போதும். ஆயின் இரண்டும் அப்பொறியிடம் கேட்பவை வெவ்வேறு.

விளையாட்டில் திரையிற் காணும் படம் முன்பே ஆக்கப்பட்டதன்று. ஆடுபவரின் கை அசைவுக்கேற்ப, நொடிக்கு 60 படங்கள் புதிதாகத் தீட்டப்படுதல் வேண்டும். இது பெரும்பாலும் கிராபிக்ஸ் காட் செய்யும் வேலை. காணொளித் தொகுப்பிலோ படங்கள் முன்னரே உள்ளன. ஆனால் கமரா அவற்றை இறுக்கிச் சுருக்கி வைத்திருக்கின்றது. 4கே எனப்படும் காட்சியில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். அவற்றை விரித்துக் காட்டும் வேகமே தொகுப்பாளருக்கு வேண்டும். இன்டெல் செயலிகள் பலவற்றில் இதற்கென்றே குயிக் சிங்க் என்னும் பகுதி உள்ளது. பெயரின் இறுதியில் 'எஃப்' என்னும் எழுத்துடைய செயலிகள் சற்று மலிவு. ஆயின் அவற்றில் இப்பகுதி இல்லை. விளையாட்டுக்கு மட்டும் வாங்குவோர் அம்மலிவை ஏற்கலாம். தொகுப்பாளர் ஏற்றல் ஆகாது. இதற்கு மாறாக ஏ.எம்.டி.யின் 9800எக்ஸ்3டி செயலி, தன்னகத்தே கொண்ட 96 மெகாபைட் பதுக்கு நினைவகத்தால் விளையாட்டில் முன்னிற்பது. எட்டே கருக்கள் உடையதாதலால், நீண்ட காணொளியை முடித்து வெளியிடும் வேலையில் அதற்கு அத்தகைய முதன்மை இல்லை.

கிராபிக்ஸ் காட் தெரியும்போது அதன் நினைவக அளவைப் பார்த்தல் நன்று. என்விடியாவின் 5060 டி.ஐ. என்னும் காட் 8 கிகாபைட்டிலும் 16 கிகாபைட்டிலும் வந்தது. பெயர் ஒன்றே; 4கே காட்சியில் நிறந்திருத்தும் வேலையில் பயனோ வேறு. அது எடுக்கும் மின்சாரம் 180 வாட் அளவே என்பதும் இவ்வூருக்கு உகந்தது. 575 வாட் உறிஞ்சும் 5090 போன்றவற்றை நாடுவோர், அவ்வளவும் வெப்பமாக அறைக்குள்ளேயே இறங்கும் என்பதை எண்ணிப் பார்ப்பாராக.

ராம் நினைவகம் 32 கிகாபைட் இருப்பின் இரு வேலைக்கும் போதும். அதனை ஒரே துண்டாக வாங்காது இரண்டு 16 ஆக வாங்கிப் பொருத்துவது வேகம் தரும்.

இனி, கடையில் எவரும் முதலிற் கேளாத உறுப்பாகிய பவர் சப்ளையைக் கருதலாம். எஞ்சிய தொகையில் கிடைக்கும் மலிவான பெட்டியை வாங்குவதே வழக்கமாக உள்ளது. மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது பிழைப்பட்ட பவர் சப்ளை தான் மட்டும் கெடுவதில்லை. தாய்ப்பலகையையும் சேமிப்பகத்தையும் உடன்கொண்டு செல்லக்கூடும். '80 பிளஸ்' என்னும் முத்திரை மின்சாரம் வீணாகாமையைக் காட்டுவதேயன்றிப் பாதுகாப்புக்குச் சான்றன்று. 2022 மார்ச்சு இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திரார். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தமையால் நாடே இருண்டதாக அறிவிக்கப்பட்டது. ஆகவே யூ.பி.எஸ். இன்றியமையாதது. 650 வி.ஏ. என எழுதப்பட்ட பெட்டி பெரும்பாலும் 400 வாட்டுக்கும் குறைவாகவே தாங்கும். அது தருவது சில நிமிடங்களே. செய்த வேலையைச் சேமித்துக் கணினியை முறைப்படி நிறுத்த அது போதும். வீட்டு மின்னிணைப்பில் எர்த் கம்பி சரியாக உள்ளதா என்பதையும் மின்வினைஞரைக் கொண்டு பார்த்துவிடுதல் வேண்டும்.

வெப்பத்தின் கணக்கு எளியது. ஒரு குளிர்விப்பான் செயலியை அறையின் வெப்பத்துக்கு மேல் 50 பாகையில் நிறுத்துமாயின், 22 பாகை அறையில் செயலி 72 பாகையில் இருக்கும். கச்சான் வீசும் ஆடி மாதத்து 35 பாகை அறையில் 85 ஆகும். பல செயலிகள் 95 முதல் 100 பாகையை நெருங்கியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. ஆதலின் வெளிநாட்டுச் சோதனைகளில் 'போதும்' எனப்பட்ட குளிர்விப்பானுக்கு ஒரு படி பெரியதைத் தெரிவதே இங்கு தகும்.

உப்போ ஓசையின்றி வேலை செய்வது. காற்றில் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்ததும் உப்புத் துகள் நீரை உறிஞ்சிக் கரைகின்றது. அக்கரைசல் மின்சாரத்தைக் கடத்துவதுடன் செம்பையும் இரும்பையும் அரிக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் இந்நிலை நாட்கணக்கில் நீடிக்கும். கண்ணாடிப் பலகையும் வண்ண விளக்குகளும் உடைய கேசிங்கைவிட, முன்புறத்தில் கழற்றிக் கழுவத்தக்க வடிகட்டி உடையதே இவ்வூருக்குச் சிறந்தது. உட்செலுத்தும் விசிறிகள் வெளியேற்றுவனவற்றினும் கூடுதலாக இருப்பின், வடிகட்டாத காற்று இடுக்குகளால் நுழைவது குறையும். கடலை நோக்கிய சாளரத்தருகே கணினியை வைத்தல் கூடாது. வாரக்கணக்கில் இயக்காது மூடி வைப்பதும் நன்றன்று; இயங்கும் கணினியின் இளஞ்சூடு ஈரத்தை விரட்டும்.

உறுப்புகள் பலவற்றை இன்றும் கொழும்பில், பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசா போன்ற இடங்களிலேயே வாங்க நேர்கின்றது. பழுதுற்றால் 260 கிலோமீற்றருக்கு மேல் திருப்பி அனுப்புதல் வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது உறுப்புகளின் விலையும் உடன் ஏறியது. பின்னர் பழைய நிலைக்கு மீளவில்லை. எனவே பெரிய உத்தரவாதக் காலம் உடைய பொருளுக்குச் சிறிது கூடுதலாகக் கொடுப்பது இழப்பன்று. கூடுமாயின் கடையிலேயே பொருத்தி இயக்கிப் பார்த்த பின்னரே இரவு ரயிலில் ஏற்றுதல் வேண்டும்.

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் கமரா மணிக்கு 45 கிகாபைட்டை நிரப்பும். இரு கமராக்களுடன் ஆறு மணி நேரம் நிகழும் திருமணம் ஒன்றுக்கு 540 கிகாபைட் ஆகும். தொகுக்கும்போது வேகமான எஸ்.எஸ்.டி.யிலும், முடிந்தபின் பெரிய ஹார்ட் டிஸ்க்கிலும் வைப்பது வழக்கம். ஆயின் தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுத்தல் இயலாது. எனவே ஒரே டிஸ்க்கில் மட்டும் அதனை வைத்திருப்பது, கிராபிக்ஸ் காட் எவ்வளவு சிறந்ததாயினும், குறைபட்ட அமைப்பே. இரண்டாவது டிஸ்க்கில் ஒரு பிரதி வேண்டும். மூன்றாவது பிரதி வேறோர் இடத்தில் வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடல் வீடுகளுக்குள் புகுந்தபோது, அலுமாரிகளில் இருந்த படத்தொகுப்புகளும் வீடுகளோடு போயின. கந்தளாய்ப் பக்கம் உறவினர் எவரேனும் இருப்பின், அந்த மூன்றாவது டிஸ்க்கை அவர் வீட்டில் கொடுத்து வைக்கலாம்.