மலிவு என்னும் சொல்



பட்டர்வொர்த்தை அடுத்த மாக் மண்டின் வட்டாரத்தில் குடியிருப்பவன் நான். பணி தோட்டப்பள்ளி ஒன்றில். கடைத்தெருவுக்குப் போனால் ஏதாவது ஒரு கடை வாசலில் ‘ஜுவாலான் மூரா’ என்ற மலாய் அறிவிப்பு தொங்கும். அதைத் தமிழில் ‘மலிவு விற்பனை’ என்போம். நாள்தோறும் நம் வாயில் புழங்கும் அந்த ‘மலிவு’ என்ற சொல்லைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பில் ‘என் பாட்டி’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி, “என் பாட்டி மலிவான மனம் உடையவர்” என்று எழுதியிருந்தாள். நான் அதைச் சத்தமாகப் படித்துவிட்டேன். வகுப்பு சிரித்தது. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். சிவப்பு மையால் அடித்து, நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. மலாயில் ‘மூரா ஹாத்தி’ என்றால் தாராள மனம். ‘மூரா’ என்றால் மலிவு, ‘ஹாத்தி’ என்றால் மனம். பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்து, வந்தவருக்கெல்லாம் சோறு போட்ட பாட்டியைப் புகழத்தான் அவள் அப்படி எழுதியிருக்கிறாள்.

அன்று மாலை அகராதியைப் புரட்டினேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில், மலிவு என்பதற்கு மிகுதி என்ற பொருளும் உண்டு, விலைக்குறைவு என்ற பொருளும் உண்டு. ‘மலி’ என்பதே இச்சொல்லின் வேர். மலிதல் என்றால் நிறைதல், மிகுதல். அறி என்பதிலிருந்து அறிவு வந்ததுபோல, மலி என்பதிலிருந்து மலிவு வந்தது. பழைய இலக்கியத்தில் வளம்மலி, புகழ்மலி என்றெல்லாம் வரும்போது அங்கே விலைப்பேச்சே கிடையாது. நிறைவு ஒன்றுதான் பொருள்.

நிறைவைக் குறித்த சொல் விலைக்குறைவைக் குறிக்க எப்படி வந்தது? தொலைவில் தேட வேண்டாம். பினாங்குத் தீவின் பாலிக் பூலாவுக்குப் போனால் போதும். டுரியான் பருவத்தின் தொடக்கத்தில் பழம் கொஞ்சமாக வரும். விலை கையைச் சுடும். பழம் கூடை கூடையாக இறங்கிவிட்டால் விலையும் இறங்கிவிடும். அப்போது “டுரியான் மலிந்துவிட்டது” என்கிறோம். பழம் நிறைந்துவிட்டது என்பதும், விலை இறங்கிவிட்டது என்பதும் அந்த ஒரே சொல்லில் அடங்குகின்றன. பொருளாதார ஆசிரியர் பலகையில் கோடு போட்டு விளக்குவதை நம் முன்னோர் ஒரு சொல்லில் வைத்துவிட்டார்கள்.

இனி, வழக்கில் கவனிக்க வேண்டியவை. விலை குறைவதும் மலிவும் எப்போதும் ஒன்றல்ல. நூறு வெள்ளிச் சட்டையைத் தொண்ணூறு வெள்ளிக்குக் கொடுத்தால் விலை குறைந்தது உண்மை. ஆனால் ஐம்பது வெள்ளி பெறாத சட்டையானால் அது மலிவு ஆகுமா? முன்விலையோடு ஒப்பிடுவது குறைவு. பொருளின் தகுதியோடு ஒப்பிடுவது மலிவு.

ஊருக்கு ஊர் வழக்கும் மாறும். யாழ்ப்பாணத்தார் ‘நயமாக வாங்கினேன்’ என்றால் மலிவாக வாங்கினேன் என்று பொருள். தமிழ்நாட்டில் ‘நயம் சரக்கு’ என்றால் தரமான சரக்கு. இருவரும் ஒரே கடையில் நின்றால் வியாபாரி பாடு திண்டாட்டம்தான்.

‘மலிந்து’ என்ற வினை, இன்றைய உரைநடையில் பெரும்பாலும் வேண்டாதவற்றோடு சேர்கிறது: பிழைகள் மலிந்த நூல், ஊழல் மலிந்த ஆட்சி. ‘மலிவான’ என்பது பொருளோடு சேர்ந்தால் குற்றமில்லை. பேச்சோடும் குணத்தோடும் சேர்ந்தால் இழிவு. மலிவான அரிசி நல்லது. மலிவான பேச்சு தகாதது. ‘மலிவுப் பதிப்பு’ மட்டும் இன்றும் மதிப்போடு நிற்கிறது. ஏழை வீட்டுக்கும் நூலைக் கொண்டுசேர்த்த சொல் அது. மலாய்மொழி இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது: ‘மூரா’ என்பதில் இழிவில்லை, தரக்குறைவைச் சொல்ல ‘மூராஹான்’ என்ற தனிச்சொல் உண்டு.

இச்சொல் மனிதர்மேலும் விழுந்தது உண்டு. ‘மலிவான உழைப்பு’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்களை ஏராளமாகக் கொண்டுவந்து இறக்கியதால் தோட்டக் கூலி ஏறாமல் நின்றது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, பல்லாயிரம் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். 1938இல் இந்திய அரசு, உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. ஆள் மலிந்தால் கூலி மலியும் என்ற கணக்கு அது. கூலிதான் மலிவாக இருந்தது. உழைத்தவர் மலிவானவர் அல்லர். எழுதும்போது ‘குறைந்த கூலிக்கு உழைத்தவர்கள்’ என்று எழுதுவோம். உண்மையும் கெடாது, அவர்கள் மதிப்பும் கெடாது.

மறுநாள் வகுப்பில் அந்த நோட்டை மீண்டும் வாங்கினேன். “நீ எழுதியது இன்றைய வழக்குக்குப் பொருந்தாது அம்மா, தாராள மனம் என்று எழுது. ஆனால் வேரைப் பார்த்தால் நிறைந்த மனம் என்றுதான் நீ சொல்லியிருக்கிறாய். சிரிக்க வைத்தது என் பிழை” என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். அவள் திருத்தி எழுதினாள்.

நேயர்களே, அடுத்த முறை ‘மலிவு’ என்ற சொல் காதில் விழுந்தால், அது பொருளைப் பற்றியதா, மனிதரைப் பற்றியதா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.