ரசிகமணி வீட்டுப் பந்தி

திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம் வழியாகத் தென்காசிச் சாலையில் போகிறவர்களுக்குச் சாரல் காலத்தில் குற்றால அருவிதான் நினைவில் நிற்கும். ஒரு காலத்தில் தமிழ் எழுத்தாளர்கள் பலருக்கு அங்கே இன்னொரு ஈர்ப்பும் இருந்தது: ரசிகமணி டி.கே.சி. வீட்டுச் சாப்பாடு.

டி.கே.சி. என்கிற, 1954-இல் மறைந்த டி.கே.சிதம்பரநாத முதலியார், முதலில் திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் நண்பர்களைக் கூட்டி இலக்கியம் பேசினார். அந்தக் குழுவுக்கு வட்டத்தொட்டி என்று பெயர். பின்னர் குற்றாலத்தில் குடியேறினார். ராஜாஜி, கல்கி, பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி மகாராஜன் எல்லாரும் அவருடைய நட்பு வட்டம். அருவிக் குளியல், இலைச் சாப்பாடு, அப்புறம் கம்பன். பசியாறிய பிறகு கேட்கும் கவிதைக்குத் தனிச்சுவை அல்லவா! அந்தப் பேச்சைப் பற்றி நிறைய எழுதினார்கள். அடுப்படியில் நின்றவர்களைப் பற்றியும் இன்னும் எழுதியிருக்கலாம்.

அப்படி வேண்டியவர்கள் விருந்துக்கு வந்தால் நெல்லைச் சீமை வீடுகளில் இன்றும் சொதி என்னும் தேங்காய்ப்பால் குழம்பு வைக்கிறார்கள். கல்யாணம் முடிந்த மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறுவதும் அதுதான்.

சொதிக்குத் தேங்காயைத் துருவி மூன்று பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு வேகும். வேகவைத்த பாசிப்பருப்பு சேரும். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு ஆறிய பிறகுதான். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல்.