பெல் ஹவுசிங் பொருந்தினால் போதுமா?

பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் ஆலை இருந்தது தாம்பரத்துப் பழைய ஆட்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஹெரால்டு, கெஸல் எல்லாம் அவர்கள் தயாரிப்புதான். 1985இல் அந்தக் கம்பெனி ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்று ஒரு பெரிய காரை இறக்கியது. பாடி, இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. 1977இன் சிறந்த ஐரோப்பிய கார் என்று பரிசு வாங்கியது. பானெட்டைத் திறந்தால் உள்ளே இருந்ததோ 1940களில் வான்கார்டு காருக்காகப் பிறந்த என்ஜினின் வாரிசு, 1991 சிசி. இதே வம்சம்தான் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஏர் உழுதது. இன்று பட்டறைகளில் ஆசைப்பட்டுச் செய்யும் என்ஜின் மாற்றத்தை, நம் ஊரில் ஒரு கார் கம்பெனியே செய்து பார்த்தது. விலை அதிகம், இழுவை குறைவு, பெட்ரோல் தாகமும் கூட. 1988இல் கதை முடிந்தது.

இப்போதும் பழைய அம்பாசடரையோ கான்டெஸாவையோ வைத்துக்கொண்டு வேறு என்ஜின் போட நினைப்பவர்கள் மெக்கானிக்கிடம் கேட்கும் முதல் கேள்வி, “அண்ணே, எந்த கியர் பாக்ஸ் உட்காரும்?” என்பதுதான். உட்காருவது என்று அவர்கள் சொல்வது போல்ட் ஓட்டைகளை. என் கணக்கில் அது கடைசிக் கவலை.

மறைமலைநகர் ஃபோர்டு ஆலையிலிருந்து வந்த ஐகான், ஃபிகோ மாதிரி கார்களின் பாக்ஸைத் தொடவே வேண்டாம். அவை முன்சக்கர இழுவை வண்டிகள். என்ஜின் குறுக்கே படுத்திருக்கும். டிஃபரன்ஷியலும் கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கும். நமக்கு வேண்டியது நீளவாக்கில் படுத்து, பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்டைச் சுழற்றும் பாக்ஸ். டவேரா, குவாலிஸ், சுமோ, பொலேரோ என்று புதுப்பேட்டையில் தேட வேண்டும்.

பாக்ஸின் முன்னால் மணி போல விரிந்திருப்பது பெல் ஹவுசிங். சில பாக்ஸ்களில் இது தனியாகக் கழன்று வரும். ரோவர் எஸ்டி1இல் வந்த எல்டி77 அப்படிப்பட்டது. கழன்று வந்தால் பாதி வேலை மிச்சம். இல்லாவிட்டால் நடுவில் ஒரு அடாப்டர் பிளேட். லேத்தில் கடைந்துவிடலாம், ஆனால் மையம் பிசகக் கூடாது. இன்புட் ஷாஃப்டின் நுனி, கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் உள்ள சிறு புஷ்ஷுக்குள் போய் உட்காருகிறது. அரைக்கால் மில்லிமீட்டருக்கு மேல் மையம் விலகினால் புஷ் தேயும், கிளட்ச் ஒழுங்காக விடாது, சில சமயம் பாக்ஸ் கியரை விட்டுத் துள்ளும். ப்ளைவீலில் டயல் கேஜை மாட்டி, ஒரு சுற்றுச் சுற்றி முள்ளைப் பார்த்தால் தெரிந்துவிடும். கிளட்ச் பிளேட்டில் சிக்கல் குறைவு: நடுவில் உள்ள ஸ்ப்ளைன் பாக்ஸுக்கு ஏற்றதாகவும், வெளிவட்டம் ப்ளைவீலுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும்.

எல்டி77இல் 77 என்பது பாக்ஸுக்குள் இருக்கும் இரு ஷாஃப்டுகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம், மில்லிமீட்டரில். இந்தத் தூரம் கூடினால் பல்சக்கரங்களைப் பெரிதாக்கலாம். பெரிய சக்கரத்தில் அதே டார்க்குக்குப் பல்லின் மேல் விழும் விசை குறையும். டீசல் என்ஜின் மாட்டுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

உண்மையான பொருத்தம் விகிதத்தில் இருக்கிறது. எஸ்டி1இன் வி8 என்ஜின் 3528 சிசி. அந்தக் காருக்குப் பின் அச்சில் 3.08 விகிதம், புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.08 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை. சக்கரத்தின் சுற்றளவு 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நேர் விகிதமான நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போனால் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1,080 சுற்று. வி8 முனகாமல் இழுக்கும். அதே அச்சோடு இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டரை மாட்டினால் குரோம்பேட்டை நெரிசலில் மூன்றாம் கியரை விட்டு ஏற முடியாது.

அச்சை 3.9 ஆக்கினால் இழுவை கிடைக்கும். ஆனால் வண்டலூரைத் தாண்டி 100 கி.மீ. தொடும்போது என்ஜின் 3,400 சுற்றைத் தாண்டி அலறும். பழைய நீள ஸ்ட்ரோக் என்ஜின்களுக்கு இது கெட்ட செய்தி. ஸ்டாண்டர்டின் 1991 சிசிக்கு ஸ்ட்ரோக் 92 மி.மீ.; ரோவர் வி8க்கு 71 மட்டுமே. 5,000 சுற்றில் முன்னதன் பிஸ்டன் சராசரியாக வினாடிக்கு 15 மீட்டருக்கு மேல் ஓட, பின்னது 12ஐக்கூடத் தொடுவதில்லை. இங்கேதான் ஐந்தாவது கியர் கைகொடுக்கிறது. 0.8 விகிதத்தில் ஐந்தாவது இருந்தால் 3.9 அச்சும் சேர்ந்து மொத்தம் 3.12. ஊருக்குள் 3.9இன் இழுவை, சாலையில் ஏறக்குறைய வி8 காரின் நிதானம்.

இதைப் புரிந்துகொண்ட கம்பெனிகளும் உண்டு. அதே 1985இல் ஃபியட் 124 பாடியில் நிஸான் என்ஜின் போட்டு 118என்இ செய்த பிரீமியர், கியர் பாக்ஸையும் நிஸானிடமே வாங்கியது. 1489 சிசி என்ஜினோடு திணறிய கான்டெஸாவுக்குப் பிறகு இசுஸு 1.8 லிட்டர் வந்தபோது ஐந்து கியர் பாக்ஸும் கூடவே வந்தது. என்ஜினும் பாக்ஸும் ஒரே வண்டியிலிருந்து வருவதுதான் முதல் யோசனையாக இருக்க வேண்டும். கலப்புமணம் வேறு வழியில்லாதபோது.

பாக்ஸின் நீளம் மாறினால் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டியோ ஒட்டியோ ஆக வேண்டும். வெட்டிய பின் பேலன்ஸ் பார்ப்பதோடு கோணத்தையும் பாருங்கள். சாய்வாகச் சுழலும் கிராஸ் ஜாயின்ட், ஒரு சுற்றுக்குள் இருமுறை வேகம் கூட்டிக் குறைக்கும். முன் ஜாயின்டின் கோணமும் பின் ஜாயின்டின் கோணமும் சமமாக இருந்தால்தான் ஒன்றின் தடுமாற்றத்தை மற்றது அழிக்கும். இல்லாவிட்டால் 60 கி.மீ.க்கு மேல் சீட்டே நடுங்கும்.

ஆர்.சி. சமாச்சாரம் தனி. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவைப் படித்துவிட்டு, தாம்பரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்ட பிறகே ஸ்பேனரை எடுக்கலாம்.

காயலான் கடையில் பாக்ஸுக்கு விவரச் சீட்டு கிடைக்காது. கீழ் நட்டைக் கழற்றி ஆயிலை விரலில் தொடுங்கள். மஞ்சள் பொடி மினுங்கினால் சிங்க்ரோ வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. இரு முனைகளிலும் சாக்பீஸால் கோடு போட்டு, முதல் கியரில் இன்புட் ஷாஃப்டைப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். பின்முனை மூன்று சுற்றுச் சுற்றினால் விகிதம் 3.3. ஐந்தாவதிலும் இதையே செய்யுங்கள். எட்டுச் சுற்றுக்குப் பின்முனை பத்துச் சுற்றினால் அது 0.8. விலை பேசுவது அதற்கப்புறம்.