மலாக்காவில் ஒரு பகல்



யட்டியாந்தோட்டையில் பிறந்து வளர்ந்த நான், இப்போது மலேசியாவின் கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கிடைத்த ஒரு பொது விடுமுறை நாளில் மலாக்கா என்ற பழைய நகருக்குத் தனியாகப் போய் அன்றே திரும்பினேன். போகும் முன் வாப்பாவிடம் சொன்னபோது, "தனியாப் போய்ப் பார்க்கிற அளவுக்கு அங்க என்ன மகள் இருக்கு?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மலாக்கா கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 145 கிலோமீற்றர் தூரம். பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். 1400ஆம் ஆண்டளவில் பரமேஸ்வரன் என்ற இளவரசர் இந்த நகரை நிறுவினார். அவருக்குப் பின் வந்த மன்னர்கள் சுல்தான்களாக ஆண்டார்கள். நூறு வருடத்துக்குள் அது கிழக்குலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாகிவிட்டது. அதற்குக் காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்றில் அரேபியா, குஜராத், சோழமண்டலக் கரைக் கப்பல்கள் வந்து சேரும். வடகிழக்குப் பருவக்காற்றில் சீனக் கப்பல்கள் வரும். திரும்பிப் போக வேண்டுமானால் காற்று மாற வேண்டும். அதுவரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்கள் வீடு கட்டினார்கள், பண்டகசாலை கட்டினார்கள், தொழுவதற்கும் வணங்குவதற்கும் இடம் கட்டினார்கள். வெவ்வேறு நாட்டு வணிகர்களைக் கவனிப்பதற்கு ஷாபந்தர் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தார்கள். அந்த ஊரில் 84 மொழிகள் பேசப்பட்டதாகத் தோமே பிரேஸ் என்ற போர்த்துக்கேயர் எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்து நடந்தவை நமது வரலாற்றுப் பாடத்தைத் திரும்ப வாசிப்பது போல இருக்கும். போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். ஒல்லாந்தர் 1640இல் காலிக் கோட்டையைப் பிடித்தார்கள்; அடுத்த வருடம், 1641இல், மலாக்காவையும் பிடித்தார்கள். ஆங்கிலேயர் 1795இல் மலாக்காவைத் தம் கையில் எடுத்தார்கள். 1796இல் கொழும்பு அவர்கள் வசமானது. பின்னர் 1824இல் ஓர் உடன்படிக்கையின் மூலம் மலாக்கா நிரந்தரமாகவே அவர்களுக்குப் போனது. ஓ.எல். பரீட்சைக்கு நாம் பாடமாக்கிய அதே மூன்று பெயர்கள் அங்கேயும் அதே வரிசையில் வருகின்றன.

இதைக் கண்ணால் காண வேண்டுமானால் மலாக்காக் கோட்டை வாசலுக்குப் போக வேண்டும். போர்த்துக்கேயர் கட்டிய பெரும் கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது இந்த வாசல்தான். 1807இல் ஆங்கிலேயர் கோட்டையைத் தகர்த்துவிட்டார்கள். வாசலின் மேலே ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. பாடசாலைச் சுற்றுலாவில் காலிக்குப் போனவர்கள் நினைத்துப் பாருங்கள். காலிக் கோட்டையின் பழைய வாசலின் உட்புறத்திலும் அதே கம்பனியின் சின்னம் உண்டு. அதில் உள்ள ஆண்டு 1669. இரண்டு கல்லுக்கும் இடையில் ஒரு கடலும் ஒரு வருடமும்தான் வித்தியாசம்.

தனியாகப் போனதன் பலன் எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. கூட்டமாக வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் போய்விட்டார்கள். என்னை யாரும் அவசரப்படுத்தவில்லை. கல்லை ஆறுதலாகப் பார்க்க முடிந்தது.

மலாக்கா வெற்றியும் தோல்வியும் மட்டும் உள்ள ஊர் அல்ல. கோட்டையை விட்டு ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் பழைய வணிகர் தெருக்கள் வருகின்றன. அவற்றில் ஒன்றை நல்லிணக்கத் தெரு என்று அழைக்கிறார்கள். சில நிமிட நடையில் ஒரு சீனக் கோவில், ஒரு பள்ளிவாசல், ஒரு பிள்ளையார் கோவில் மூன்றையும் காணலாம். சீனக் கோவில் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிள்ளையார் கோவில் 1781இல் எழுந்தது. அதைக் கட்டியவர்கள் மலாக்காச் செட்டிகள். பழைய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள், சைவர்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய் மொழி.

பள்ளிவாசலின் பெயர் கம்போங் கிளிங். 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் முதலில் மரத்தால் கட்டினார்கள். 1872இல் கல்லால் மாற்றிக் கட்டினார்கள். 'கிளிங்' என்பது கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்து, தென்னிந்தியரைக் குறித்த பழைய சொல். இன்று அதை ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அவமதிப்பு. இடப்பெயர்களில் மட்டும் தங்கியிருக்கிறது. நான் லுஹர் தொழுதது அங்கேதான். குப்பாவுக்குப் பதிலாக மூன்று அடுக்குக் கூம்புக் கூரை. மினாரா சீனப் பகோடா போல. உள்ளே ஐரோப்பிய ஓடுகளும் தூண்களும், மரத்தில் செதுக்கிய மிம்பரும். கையில் கிடைத்த நல்லதையெல்லாம் சேர்த்து அல்லாஹ்வின் வீட்டைக் கட்டிய மனிதர்களை நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கலப்புக்கு நம் நாட்டிலும் ஒரு சாட்சி உண்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவரது கப்பல்கள் மலாக்காவிலும் தங்கின, இலங்கைக்கும் வந்தன. 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட அவரது மும்மொழிக் கல்வெட்டு 1911இல் காலியில் கிடைத்தது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேவேந்திரமுனையின் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் புகழ் சொல்லிக் காணிக்கைகளைப் பட்டியலிடும் கல் அது. இன்று கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அறுநூறு வருடங்களுக்கு முன்பு கடல் வணிகம் செய்ய வேண்டுமானால் தமிழும் வேண்டும் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

நம் ஊரோடு நேரடியாகத் தொட்டுக்கொள்ளும் செய்தி ஒன்றும் உண்டு. யட்டியாந்தோட்டையில் இறப்பர் மரம் பார்க்காத பிள்ளை இருக்க முடியாது. என் மூத்தவாப்பா தோட்டக்காரர்களிடமும் சிறு காணிக்காரர்களிடமும் இறப்பர் சீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி விற்றவர். அந்த மரம் நமது மண்ணுக்கு உரியதல்ல. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் கன்றுகள் 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடைப் பூங்காவுக்கு வந்தன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரைச் சேர்ந்தன. மலாயாவில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் இறப்பர்த் தோட்டம் போட்டவர் மலாக்காவைச் சேர்ந்த சீனரான டான் சே யான், ஆண்டு 1896. பிறகு இரு நாட்டிலும் மலைகள் இறப்பராக மாறின. இரு நாட்டுத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். மலாக்காவுக்குப் போகும் வழியில் பஸ் யன்னலால் தெரிந்த, பால் வெட்டிய தழும்புள்ள மரங்கள் எனக்கு வேற்று நாட்டு மரங்களாகத் தெரியவில்லை.

இனி, பெற்றோருக்குச் சில வார்த்தைகள். மகளைத் தனியே அனுப்புவது இலேசான முடிவு அல்ல என்பது எனக்குத் தெரியும். மார்க்க வரம்பு, பாதுகாப்பு, ஊர்ப் பேச்சு எல்லாம் மனதில் வரும். வீட்டுக்கு வீடு முடிவு வேறுபடலாம். எங்கள் வீட்டில் மறைக்காமல் பேசி முடிவெடுத்தோம். உம்மா மூன்று நிபந்தனை போட்டார்: பகல் வெளிச்சத்திலேயே திரும்பும் பஸ் ஏற வேண்டும், திரும்பும் டிக்கட்டைக் காலையிலேயே வாங்கிவிட வேண்டும், ஒவ்வொரு தொழுகை நேரத்திலும் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். கடவுச்சீட்டின் பிரதி, அறைத் தோழியின் இலக்கம், கைச்செலவுக்கு மேலே கொஞ்சம் பணம் ஆகியவற்றையும் நான் எடுத்துப் போனேன். இந்த ஒழுங்குகள் எனக்குக் கட்டாகத் தெரியவில்லை. வீட்டார் அறிந்த பயணம் என்பதால் மனம் பாரமில்லாமல் நடந்தேன்.

தங்கைகளே, வெளிநாட்டில் வேலை செய்யும் நம் பெண்கள் பலருக்கு அந்த நாடு என்றால் வேலைத்தலமும் தங்கும் அறையும் பணம் அனுப்பும் கடையும்தான். வருடங்கள் அப்படியே போய்விடுகின்றன. ஒரே ஒரு லீவு நாள் இருந்தாலும் அந்த நாட்டின் ஒரு பழைய நகரைப் பாருங்கள். போகும் முன் ஆண்டுகளைக் குறித்துக்கொண்டு போங்கள். வந்த பின் கண்டதை எழுதி வையுங்கள்.

அதற்கு வெளிநாடு போகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த முறை கொழும்புக்குப் போகும்போது வாப்பா, உம்மாவையும் கூட்டிக்கொண்டு நூதனசாலைக்குப் போய் அந்த மும்மொழிக் கல்லைப் பாருங்கள். தமிழ்ப் பகுதி எது, பாரசீகப் பகுதி எது என்று தம்பி, தங்கைக்கு நீங்களே காட்டிக் கொடுங்கள்.