முதல் ஷூவுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

குழந்தை சோஃபாவைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னதுமே, நம்ம கை போன்ல ஷூ தேட ஆரம்பிச்சிடும். ஓசூர் சிப்காட்ல செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு வீட்டுக்கு வந்தா குழந்தை தூங்கியிருக்கும். கூட இருக்க முடியலையேங்கிற குற்ற உணர்ச்சியை ₹1,800 ஷூவா மாத்திடறோம், அதுவும் கிரெடிட் கார்டுல.

வீட்டுக்குள்ள நடக்கப் பழகும் குழந்தைக்கு ஷூ தேவையே இல்லை. வெறும் காலில்தான் விரல்கள் தரையைப் பிடிக்கும், பேலன்ஸ் வரும். டைல்ஸ் தரையில் சாக்ஸ் மட்டும் போட்டு விடாதீங்க, வழுக்கும்.

பக்கத்து மாநிலமான கர்நாடகாவின் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் ராவ், ஜோசப் ரெண்டு பேரும் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதத் தடத்தைப் பார்த்து, 1992-ல் ஆய்வு வெளியிட்டாங்க. காலணி போட்டவர்களில் 8.6% பேருக்குத் தட்டைப் பாதம், போடாதவர்களில் 2.8%. கைக்குழந்தைகளிடம் எடுத்த கணக்கு இல்லைதான். ஆனா 'ஷூ போட்டாத்தான் கால் நேரா வளரும்'னு கடையில சொன்னா நம்ப வேண்டாம். (சின்னக் குழந்தையோட பாதம் கொழுப்பால தட்டையாத்தான் தெரியும், பயப்படாதீங்க.)

வெளியே போறப்போ கல், முள், வெயிலுக்குக் காலணி வேணும். இங்கதான் கணக்கு. இந்த வயசுல ரெண்டு, மூணு மாசத்துல சைஸ் மாறிடும். ஆடிட்டர் பாஷையில சொன்னா, மூணே மாசத்துல முழுத் தேய்மானம். ₹1,800 ஜோடி வருஷத்துக்கு நாலுன்னா ₹7,200. ₹400 ஜோடின்னா ₹1,600. மிச்சம் ₹5,600. பெண் குழந்தைன்னா செல்வமகள் சேமிப்புத் திட்டத்துல வருஷத்துக்கு ₹250 போட்டாலே கணக்கு ஓடும்.

'பெங்களூருல சீப்பா கிடைக்கும்'னு அத்திப்பள்ளி தாண்டாதீங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜோடி ₹2,500 வரை ஜிஎஸ்டி 5%, அதுக்கு மேல 18%. ரெண்டு மாநிலத்துலயும் ஒண்ணுதான். டோலும் பெட்ரோலும்தான் எக்ஸ்ட்ரா.

வாங்குறப்போ குழந்தையை நிக்க வெச்சு, ரெண்டு பாதத்தையும் பேப்பர்ல வரைஞ்சு எடுத்துட்டுப் போங்க. பெரிய பாதத்துக்கு வாங்குங்க. முன்னாடி ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கணும், விரல் இருக்கிற இடத்துல சோல் சுலபமா வளையணும். 'அடுத்த வருஷத்துக்கும் ஆகும்'னு ரெண்டு சைஸ் பெரிசா வாங்குறது மிச்சம் இல்லை, தடுக்கி விழ வைக்கும். அக்கா, அண்ணன் குழந்தையோட ஷூ கிடைச்சா அடியில ஒரு பக்கம் தேஞ்சிருக்கான்னு பார்த்துட்டு வாங்கிக்கோங்க. கீச் கீச் ஷூ உங்க இஷ்டம். பக்கத்து வீட்டுல நைட் ஷிஃப்ட் ஆள் தூங்கினா மட்டும் வேண்டாம்.

18 மாசம் ஆகியும் தனியா நடக்கலையா, எப்பவும் நுனிக்கால்லயே நடக்குதா? 'ஸ்பெஷல் ஷூ'வுக்குக் காசு கொடுக்காதீங்க. அதைக் குழந்தை டாக்டர் ஃபீஸுக்கு எடுத்து வையுங்க.